லிக்விட் கூலர் போட்டும் சூடு அடங்கவில்லையா? அறிகுறியிலிருந்து கோளாறுக்குப் போகும் வழி

போன வருடம் மே மாதம். என் கம்ப்யூட்டரில் வீடியோ ரெண்டர் போட்டால் ப்ராசசர் 100 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றது. 240 மிமீ லிக்விட் கூலர் (எண் அதன் ரேடியேட்டரின் அளவு) போதவில்லை என்று நானே முடிவு கட்டி, அதைக் கழற்றிவிட்டு 360 மிமீ கூலர் வாங்கி மாட்டினேன். அதே ரெண்டர், அதே 100 டிகிரி. மூன்று நாள் தேடிய பிறகுதான் தெரிந்தது, இரண்டு கூலரிலும் கோளாறே இல்லை. மதர்போர்டு ப்ராசசருக்கு வரம்பில்லாமல் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) ஒரு எண்ணை மாற்றியிருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை. நல்ல கூலர் ஒன்றைப் பாதி விலைக்கு விற்றாயிற்று.

அந்த அனுபவத்துக்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதில்லை. சூடு எந்த இடத்தில் தேங்குகிறது என்று பார்க்கிறேன். வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் அதற்கு மேலே தண்ணீர் தேங்கும், கீழே காய்ந்து கிடக்கும். சூடும் அப்படித்தான். சிப்பில் பிறக்கிற சூடு, மேலே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டைக் கடந்து கூலரின் செம்புத் தட்டுக்கு வர வேண்டும். தட்டின் உள்பக்கம் இருக்கும் மெல்லிய செதில்களில் திரவம் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். பம்ப் அந்தத் திரவத்தை ரேடியேட்டருக்குத் தள்ள வேண்டும். அங்கே ஃபேன் அதை அறைக் காற்றில் விட வேண்டும். நான்கு மடை. எந்த மடைக்கு மேலே சூடு, எந்த மடைக்குக் கீழே குளிர்ச்சி என்று தெரிந்துவிட்டால் கோளாறு பாதி பிடிபட்டது மாதிரி.

கழற்றுவதற்கு முன்னால் எடுக்க வேண்டிய அளவுகள்

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் ப்ராசசர் வெப்பநிலை, சிபியு பேக்கேஜ் பவர் என்று வாட்டில் காட்டும் எண் (ப்ராசசர் இழுக்கும் மின்சாரம்), பம்பின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), ஃபேனின் ஆர்பிஎம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கூலரில் திரவ வெப்பநிலை சென்சார் இருந்தால் அந்த எண் தங்கம். கூலரோடு வந்த மென்பொருளிலும் அது தெரியும். கடைசியாக, கேபினெட்டுக்குள் காற்று நுழையும் பக்கத்தில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை வைத்து அறை வெப்பநிலையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு, ப்ராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருள் போதும். ஆனால் 30 நிமிட ஓட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். திரவம் இல்லாமல் உலோகச் செதிலும் ஃபேனும் மட்டும் கொண்ட ஏர் கூலர் சில நிமிடங்களில் தன் உச்சத்துக்கு வந்துவிடும். திரவம் அப்படியில்லை. தண்ணீர் சூட்டை நிறைய வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய பொருள்; அது நிலைக்கு வர 15, 20 நிமிடம்கூட ஆகும். இரண்டு நிமிட சோதனையில் எல்லா லிக்விட் கூலரும் அருமையான கூலராகவே தெரியும்.

அறை வெப்பநிலையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? எந்த ஏர் கூலரும் எந்த லிக்விட் கூலரும் அறைக் காற்றை விடக் குளிர்விக்க முடியாது. வெளிநாட்டு விமர்சனங்களில் சோதனை அறை பெரும்பாலும் 20 முதல் 23 டிகிரிக்குள் இருக்கும். மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறை 36, 37 டிகிரி. அங்கே 75 டிகிரி காட்டிய அதே கூலர், அதே ப்ராசசரோடு, இங்கே 90 காட்டினால் அதில் ஒரு குறையும் இல்லை. அந்த 15 டிகிரி நம் ஊர் வெயில். ஆகவே ப்ராசசர் வெப்பநிலையைத் தனியாகப் பார்க்காதீர்கள். இரண்டு வித்தியாசங்களைப் பாருங்கள்.

முதல் வித்தியாசம், திரவத்துக்கும் அறைக்கும் இடையில். 360 மிமீ ரேடியேட்டர், 200 வாட் சுமை, ஃபேன் ஓரளவு வேகம் என்றால் திரவம் அறையை விட 10 முதல் 15 டிகிரி மேலே இருப்பது இயல்பு. 240 மிமீ என்றால் இன்னும் சில டிகிரி கூடும். இரண்டாவது, ப்ராசசருக்கும் திரவத்துக்கும் இடையில். அதே 200 வாட்டில் இது சுமார் 30 முதல் 40 டிகிரி இருக்கலாம். சிப் சின்னதாக இருந்தால் கூடுதலாகும். முதல் வித்தியாசம் பெரிதானால் தப்பு ரேடியேட்டர் பக்கம். இரண்டாவது பெரிதானால் தப்பு தட்டு, பேஸ்ட், பம்ப் பக்கம். அதாவது 37 டிகிரி அறை, 50 டிகிரி திரவம், 88 டிகிரி ப்ராசசர் என்றால் உங்கள் கூலர் ஒழுங்காக வேலை செய்கிறது, வேறு எங்கேயும் தேட வேண்டாம்.

சென்சார் இல்லாத கூலரா? கை இருக்கிறது. பக்கக் கதவைத் திறந்து இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஃபேன் இறக்கையில் விரல் படாமல் கவனம்.

ஆன் செய்த ஓரிரு நிமிடத்தில் 90 டிகிரியைத் தாண்டுகிறது, பயாஸில் சும்மா இருக்கும்போதே ஏறுகிறது

இது வெயில் இல்லை, பவர் வரம்பு இல்லை. சூடு முதல் மடையிலேயே அல்லது பம்பிலேயே நின்றுவிட்டது. உடனே அணைத்துவிடுங்கள். ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அப்புறம் தானே அணையும். இருந்தாலும் திரும்பத் திரும்ப அதைச் சோதிக்க வேண்டாம்.

முதலில் பம்புக்கு மின்சாரம் போகிறதா என்று பாருங்கள். சில கூலர்களில் பம்ப் மதர்போர்டின் ஏஐஓ பம்ப் என்று எழுதிய ஹெடரில் (கேபிள் சொருகும் பின்களில்) இருந்து மின்சாரம் எடுக்கும். சிலவற்றில் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையில் இருந்து வரும் சாட்டா கேபிளில் எடுத்து, வேகத்தை மட்டும் மதர்போர்டுக்குச் சொல்லும். இரண்டாவது வகையில் சாட்டா கேபிளை மாட்ட மறந்துபோவது சகஜம். பயாஸின் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தில் பம்ப் வேகம் 0 என்று காட்டினால் கேபிளை வேறு ஹெடருக்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான பம்புகள் முழு வேகத்தில் 2000 முதல் 3000 ஆர்பிஎம்முக்குள் சுற்றும். ஹெடரை மாற்றியும் 0 என்றால், தொட்டால் அதிர்வும் இல்லை என்றால், பம்ப் போய்விட்டது. வாரண்டிதான் வழி.

பம்ப் சுற்றுகிறது, குழாய் இரண்டும் குளிர்ந்தே இருக்கின்றன, ப்ராசசர் மட்டும் கொதிக்கிறது. அப்படியானால் சூடு திரவத்துக்கே வரவில்லை. தட்டு சிப்பைத் தொடவில்லை என்று பொருள். என் அத்தை மகன் மதுரையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். புதுக் கூலர் மாட்டிய அன்றே பயாஸில் 95 டிகிரி என்று போன் செய்தான். ‘அண்ணா, பம்ப் ஓடுது, டியூப் ஜில்லுனு இருக்கு’ என்றான். அந்த ஒரு வாக்கியம் போதும். கழற்றச் சொன்னேன். செம்புத் தட்டின் மேல் ஒட்டி வரும் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது, அதன் மேல் பேஸ்ட் அழகாகப் பரவியிருந்தது. எத்தனை அனுபவம் இருந்தாலும் அவசரத்தில் இது நடக்கும். அதனால்தான் முதலில் கேட்க வேண்டிய கேள்வியாக இதை வைத்திருக்கிறேன்.

ஸ்டிக்கர் இல்லையென்றால் கூலரை மாட்டும் பிராக்கெட்டுகளையும் தாங்கு திருகுகளையும் பாருங்கள். ப்ராசசர் உட்காரும் இடம்தான் சாக்கெட். இன்டெல் எல்ஜிஏ 1200 சாக்கெட்டில் கூலரை மாட்டும் துளைகளுக்கு இடையே 75 மிமீ. எல்ஜிஏ 1700 வந்தபோது அது 78 மிமீ ஆனது, ப்ராசசரின் உயரமும் குறைந்தது. பழைய கூலரின் திருகுகளைப் புதிய போர்டில் எப்படியோ மாட்டிவிட்டால், பார்க்க இறுக்கமாக இருக்கும், ஆனால் தட்டு சிப்பின் மேல் முழுதாக உட்காராது. கூலர் பெட்டியில் இரண்டு மூன்று சாக்கெட்டுக்கான திருகுகள் ஒன்றாக வரும். உயரத்தில் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம் இருக்கலாம். கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு குழாய் கைவைக்க முடியாத சூடு, மற்றது குளிர்ச்சி

ஆர்பிஎம் சரியாகக் காட்டும்போதும் இது நடக்கும், அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆர்பிஎம் என்பது மோட்டார் சுற்றுவதற்கான சாட்சி. திரவம் ஓடுவதற்கான சாட்சி அல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், 200 வாட் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் தண்ணீர் சுமார் 3 டிகிரிதான் ஏறும். அதாவது நல்ல ஓட்டம் உள்ள கூலரில் போகிற குழாயும் வருகிற குழாயும் கைக்குக் கிட்டத்தட்ட ஒரே சூடாகத் தெரிய வேண்டும். ஒன்று சுடுகிறது, மற்றது அறைச் சூட்டிலேயே இருக்கிறது என்றால் ஓட்டம் மிக மெலிந்துவிட்டது. ஒன்று பம்பில் காற்று சிக்கியிருக்கிறது, அல்லது தட்டின் செதில்களில் அடைப்பு.

காற்று என்றால் சரிசெய்யலாம். பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, கேபினெட்டை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துச் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். குமிழிகள் ரேடியேட்டரின் மேல்முனைக்குப் போய்ச் சேரும். அதற்குப் பிறகும் மாற்றமே இல்லை என்றால் அடைப்பு. மூடி வரும் கூலரை நாமே திறந்து கழுவுவதை நான் பரிந்துரைப்பதில்லை. வாரண்டி போகும், மறுபடி மூடுவது நிச்சயமில்லாத வேலை, கீழே கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது.

சும்மா இருக்கும்போது நன்றாக இருக்கிறது, சுமை கொடுத்த சில நொடிகளில் 95 அல்லது 100

என்னிடம் வரும் கேள்விகளில் மிகப் பெரும்பகுதி இதுதான். இங்கேதான் நானும் தவறினேன். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில் வாட்டைப் பாருங்கள். கோர் ஐ9-13900கே ப்ராசசருக்கு இன்டெல் சொல்லும் உச்ச டர்போ பவர் 253 வாட். ஆனால் பல மதர்போர்டுகள் அந்த வரம்பை முழுக்க எடுத்துவிட்டு 4096 வாட் என்று வைத்திருக்கும், அதாவது வரம்பே இல்லை. சில போர்டுகளில் பயாஸுக்குள் முதல் முறை போகும்போது எந்தக் கூலர் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்கும். வாட்டர் கூலர் என்று தேர்ந்தெடுத்தால் அந்த 4096 வந்து உட்கார்ந்துகொள்ளும். 300 வாட்டுக்கு மேல் இழுக்கும் ப்ராசசரை எந்த 360 மிமீ கூலரும் நம் ஊர் மே மாதத்தில் 100 டிகிரிக்குக் கீழே வைப்பது கஷ்டம். என் கம்ப்யூட்டரில் நடந்தது இதேதான்.

பயாஸில் பிஎல்1 (நீண்ட நேரச் சுமைக்கு), பிஎல்2 (குறுகிய நேர உச்சத்துக்கு) என்ற இரண்டு பவர் வரம்புகளையும் இன்டெல் சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். புதிய பயாஸில் இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ் என்று ஒரே தேர்வாகவும் இருக்கும். 13, 14-ஆம் தலைமுறை கோர் ப்ராசசர் வைத்திருப்பவர்கள் சூட்டைப் பற்றிக் கவலைப்படாவிட்டாலும் பயாஸைக் கட்டாயம் புதுப்பியுங்கள். அந்தச் சிப்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுச் சிதைந்த பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டில் இன்டெல் புதிய மைக்ரோகோடு, அதாவது பயாஸ் வழியாக வரும் ப்ராசசர் திருத்தம், வெளியிட்டது. அந்தச் சிதைவால் கேம் நடுவில் மூடிக்கொள்வதைக் கூலரின் கோளாறு என்று நினைத்து, கூலரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை ப்ராசசர்களின் கதை வேறு. ரைசன் 9 7950எக்ஸ் போன்றவை 95 டிகிரி வரை தாமாகவே ஏறி, அந்த இடத்தில் நின்றபடி எவ்வளவு வேகம் கிடைக்குமோ அவ்வளவு எடுக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஏஎம்டி இதை வெளிப்படையாகவே சொன்னது. அங்கே நல்ல கூலர் போட்டால் வெப்பநிலை குறைவதற்குப் பதில் வேகம் கொஞ்சம் கூடும். ஆகவே 95 என்ற எண்ணைப் பார்த்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அந்த 95-இல் எத்தனை வாட் இழுக்கிறது, எத்தனை கிகாஹெர்ட்ஸ் நிற்கிறது என்று பாருங்கள். 220, 230 வாட் இழுத்தபடி 95 என்றால் கூலர் அருமையாக வேலை செய்கிறது. 130 வாட்டிலேயே 95 தொட்டால் தொடர்பில் குறை. சூடே வேண்டாம் என்பவர்கள் பயாஸில், பவரைக் குறைக்கும் 105 வாட் ஈகோ மோடைப் போடுங்கள். அன்றாட வேலையில் வித்தியாசம் தெரிவது அரிது. ரைசன் 7 7800எக்ஸ்3டி வைத்திருப்பவர்களுக்கு உச்ச வரம்பு 89 டிகிரி என்பதை நினைவில் வையுங்கள்.

வாட் நியாயமாக இருக்கிறது, திரவமும் குளிர்ந்தே இருக்கிறது, ப்ராசசர் மட்டும் திரவத்தை விட 50, 60 டிகிரி மேலே நிற்கிறது. இப்போது கழற்றலாம். கழற்றியதும் துடைத்துவிடாதீர்கள். பேஸ்ட் பதிந்திருக்கும் வடிவத்தைப் போட்டோ எடுங்கள். ஒரு ஓரத்தில் தடிமனாகவும் எதிர் ஓரத்தில் கண்ணாடி மாதிரி மெலிந்தும் இருந்தால் திருகுகள் சமமாக இறுகவில்லை. ப்ராசசருக்குள் ஒரு கோருக்கும் மற்ற கோருக்கும் 15, 20 டிகிரி வித்தியாசம் காட்டியதும் இதனால்தான் இருக்கும். மறுபடி மாட்டும்போது ஒரு மூலை, அதற்கு எதிர் மூலை என்று ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று சுற்றி, மாற்றி மாற்றி இறுக்குங்கள். டயர் மாற்றும்போது நட்டுகளைக் குறுக்காக இறுக்குவார்களே, அதே முறை.

எல்ஜிஏ 1700-இல் ஒரு கூடுதல் விஷயம். சாக்கெட்டின் தாழ்ப்பாள் ப்ராசசரின் நடுப்பகுதியை மட்டும் அழுத்துவதால் அதன் மேல்மூடி லேசாக வளைகிறது, தட்டு ஓரங்களை மட்டும் தொடுகிறது. இதைச் சரிசெய்ய தெர்மல்ரைட், தெர்மல் கிரிஸ்லி போன்ற நிறுவனங்கள் தாழ்ப்பாளுக்குப் பதிலாக மாட்டும் கான்டாக்ட் ஃப்ரேம் விற்கின்றன. சில டிகிரி குறையும். ஆனால் சாக்கெட்டில் கைவைப்பது வாரண்டியைப் பாதிக்கும் என்பது இன்டெலின் நிலைப்பாடு. வரம்புகளைச் சரிசெய்து, பேஸ்ட் மாற்றிய பிறகும் போதவில்லை என்றால் மட்டும் இதை யோசியுங்கள்.

ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கான (ரைசன் 7000 போன்ற) ப்ராசசர்களில் சூடு பிறக்கும் சிப்கள் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இருக்கின்றன. அதற்காகச் சில கூலர்கள் தட்டைச் சில மில்லிமீட்டர் தள்ளி மாட்டும் பிராக்கெட்டுகளைக் கொடுக்கின்றன. பெட்டியில் அது இருந்தும் பயன்படுத்தாமல் விட்டிருந்தால் மாட்டிப் பாருங்கள், செலவில்லாமல் இரண்டு மூன்று டிகிரி கிடைக்கலாம்.

முதல் பத்து நிமிடம் நன்றாக இருக்கிறது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகிறது

இப்போது அடைப்பு ரேடியேட்டர் மடையில். தட்டு தன் வேலையைச் செய்கிறது, பம்ப் தள்ளுகிறது, ஆனால் உள்ளே வந்த சூடு வெளியே போகவில்லை. திரவ வெப்பநிலையைப் பார்த்தால் அதுவும் கூடவே ஏறிக்கொண்டிருக்கும். பல தயாரிப்பாளர்கள் திரவத்துக்கு 60 டிகிரியை உச்சமாக வைக்கிறார்கள். 50-ஐத் தாண்டும்போதே நான் காரணம் தேட ஆரம்பிப்பேன்.

ஒரு டிஷ்யூ பேப்பரை ரேடியேட்டரின் அருகில் பிடியுங்கள். ஒரு ஃபேன் உள்ளே இழுத்து இன்னொன்று வெளியே தள்ளினால் உடனே தெரிந்துவிடும். ஃபேனில் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியே வரும் பக்கம். அடுத்தது தூசி. வாசல் பக்கம் ரோடு இருக்கும் வீடுகளில் ஆறு மாதத்தில் ரேடியேட்டர் செதில்களின் மேல் கம்பளி மாதிரி ஒரு படலம் படியும். அது ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருப்பதால் வெளியில் இருந்து கண்ணுக்குத் தெரியாது. ஃபேனைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். மெல்லிய பெயின்ட் பிரஷ் போதும். புளோயரை அருகில் வைத்து அடித்தால் செதில் வளையும், ஃபேனும் தாறுமாறாகச் சுற்றும்.

கேமில் மட்டும் ஏறுகிறது, சினிபெஞ்சில் ஏறவில்லை என்றால் குற்றவாளி கிராபிக்ஸ் கார்டு. ரேடியேட்டர் மேலே இருந்து காற்றை வெளியேற்றினால், கார்டு கக்கும் 300 வாட் சூடான காற்று அதன் வழியாகத்தான் போகிறது. முன்பக்கம் வைத்தால் ப்ராசசருக்கு அறைக் காற்று கிடைக்கும், கார்டுக்கு வெதுவெதுப்பான காற்று கிடைக்கும். ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். கேம் விளையாடுகிறவர்களுக்கு நான் மேலேதான் மாட்டச் சொல்வேன். விளையாட்டில் ப்ராசசர் முழுச் சுமையில் இருப்பதில்லை, கார்டுதான் மூச்சு வாங்குகிறது.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக உள்ள கேபினெட்டுகளும் இந்த அறிகுறிக்குக் காரணமாகும். கதவைத் திறந்து வைத்து 30 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் குறைந்தால் கூலரைக் குறை சொல்ல வேண்டாம், கேபினெட்டுக்குக் காற்று வழி இல்லை.

சத்தங்கள்

களகளவென்று தண்ணீர் ஓடும் சத்தம் என்றால் காற்று. எந்தக் கூலரிலும் கொஞ்சம் காற்று இருக்கும். அது எங்கே போய்த் தங்குகிறது என்பதுதான் கேள்வி. ரேடியேட்டர் மேல்புறம் இருந்தால் காற்று அங்கேயே தங்கிவிடும், பம்புக்கு வராது. முன்பக்கம் நிறுத்தி வைத்தால் குழாய்கள் கீழே வரும்படி வைப்பது நல்லது. குழாய் நீளம் போதாமல் மேலே வைக்க நேர்ந்தாலும், ரேடியேட்டரின் மேல்முனை பம்பை விட உயரத்தில் இருந்தால் ஓட்டத்துக்குக் கேடில்லை, சத்தம்தான் கொஞ்சம் வரலாம். செய்யவே கூடாதது, ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் வைத்து பம்பை மிக உயரமான இடமாக்குவது. காற்றெல்லாம் பம்புக்குள் சேரும், பேரிங் காய்ந்து தேயும். புதிதாக மாட்டிய கூலரில் முதல் ஓரிரு நாள் களகள சத்தம் வந்து அடங்கினால் பயப்பட வேண்டாம்.

கீச்சென்ற மெல்லிய ஒலி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்தால் அது அதிர்வின் ஒத்திசைவு. பம்ப் வேகத்தை 5, 10 சதவீதம் மாற்றினாலே போய்விடும். அரைக்கிற மாதிரி கரகர சத்தம், அதுவும் நாளாக நாளாகக் கூடுகிறது என்றால் பேரிங் தேய்கிறது. அதைச் சரிசெய்ய முடியாது. சத்தத்தை போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டு வாரண்டிக்குப் போங்கள்.

ஃபேன்கள் பத்து நொடிக்கு ஒருமுறை கூவி அடங்குவது கோளாறு இல்லை, அமைப்பு. ப்ராசசர் வெப்பநிலை ஒரு டேப் திறந்தாலே 20 டிகிரி குதிக்கும். ஃபேன் அதைத் துரத்துகிறது. ஃபேன் வேகத்தைத் திரவ வெப்பநிலையோடு இணைத்துவிட்டால் இந்தக் கூவல் நின்றுவிடும். அந்த வசதி இல்லாத கூலரில் பயாஸில் ஃபேன் ஸ்டெப் அப் நேரத்தை (வேகம் ஏறுவதற்கான தாமதத்தை) கூட்டிவையுங்கள். பம்பை மட்டும் ஒருபோதும் வெப்பநிலையோடு ஏறி இறங்க விடாதீர்கள், நிலையான வேகத்தில் வையுங்கள். ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 2 மாதிரி, பம்பும் ஃபேனும் ஒரே கேபிளில் வரும் கூலர்களில் ஃபேனைக் குறைத்தால் பம்பும் குறையும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிபியு ஃபேன் எர்ரர் என்று நின்றுவிடுகிறது, மென்பொருளில் கூலர் தெரியவில்லை

சிபியு ஃபேன் ஹெடரில் எதுவும் மாட்டாவிட்டால் மதர்போர்டு பயந்து நிற்கும். ரேடியேட்டர் ஃபேனின் கேபிளை அதில் மாட்டுங்கள், முடிந்தது. மென்பொருளில் தெரியாவிட்டால் பம்பில் இருந்து வரும் சின்ன யூஎஸ்பி கேபிள் மதர்போர்டின் யூஎஸ்பி 2.0 ஹெடரில் இருக்கிறதா பாருங்கள். கூலரின் வண்ண விளக்கு எரியவில்லை என்று 5 வோல்ட் மூன்று பின் கேபிளை 12 வோல்ட் நான்கு பின் ஹெடரில் வலிந்து சொருகாதீர்கள், விளக்குகள் எரிந்துபோகும்.

இரண்டு மூன்று வருடம் நன்றாக ஓடியது, இப்போது அதே வேலைக்குப் பத்து டிகிரி கூடுதல்

முதலில் தூசி, அடுத்து காய்ந்த பேஸ்ட். இரண்டையும் சரிசெய்த பிறகும் மாறவில்லை என்றால் கூலருக்கு வயதாகிறது. மூடிய குழாயிலும் ரப்பர் வழியாகத் திரவம் மிக மெதுவாக ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தைக் காற்று பிடிக்கும். உள்ளே செம்புத் தட்டும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே திரவத்தில் இருப்பதால், அரிப்பைத் தடுக்கும் மருந்து பலவீனமானால் படிவு சேரும். அது போய் அடைவது தட்டின் முடி போன்ற செதில்களில்தான்.

இது தயாரிப்புக் குறையாகவும் நடந்திருக்கிறது. 2021-இல் எம்எஸ்ஐ தன் மேக் கோர்லிக்விட் வரிசையில் சில மாடல்களை உள்ளே படிவு சேர்வதால் திரும்பப் பெற்றது. 2022-இல் ஆர்க்டிக், லிக்விட் ஃப்ரீசர் 2 கூலர்களில் ஒரு பகுதி கேஸ்கெட் என்ற ரப்பர் அடைப்பு வழியாகக் கசியக்கூடும் என்று தானே அறிவித்து மாற்றுப் பொருட்களை இலவசமாக அனுப்பியது. செகண்ட் ஹேண்டில் கூலர் வாங்குகிறவர்கள் மாடலையும் தயாரித்த காலத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்வது இதற்காகத்தான். நான் பழைய லிக்விட் கூலர் வாங்கவே மாட்டேன். பழைய ஏர் கூலரை யோசிக்காமல் வாங்குவேன், அதில் தேய ஒரு ஃபேனைத் தவிர வேறொன்றும் இல்லை.

பம்ப் 50,000 மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருந்தால், நாள் முழுக்க ஓடும் கம்ப்யூட்டரில் அது 5.7 வருடம். வாரண்டியும் நல்ல மாடல்களில் 5, 6 வருடம். அதற்கு மேல் ஓடினால் மகிழ்ச்சிதான், ஆனால் வருமானம் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றால் ஆறாம் வருடத்தில் மாற்றத் திட்டமிடுங்கள்.

பம்ப் ஓரத்திலோ குழாய் இணைப்பிலோ ஈரம், பிசுபிசுப்பு, வெள்ளைப் படிவு

சுவரில் ஸ்விட்சை அணையுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸிலும் அணைத்து வயரை உருவுங்கள். கம்ப்யூட்டரை மறுபடி போட்டுப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். கூலரில் இருப்பது கிளைகால் கலந்த தண்ணீர். உலோகத்தோடு பழகிய திரவம் மின்சாரம் கடத்தும். முதலில் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றுங்கள், சொட்டு பெரும்பாலும் அதன் மேல்தான் விழும். பிறகு கேபினெட்டைப் படுக்க வைத்து, அந்த நிலையிலேயே கூலரை எடுங்கள். ஈரம் பட்ட இடங்களை 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு துடைத்து, ஒரு நாள் முழுக்க ஃபேன் காற்றில் காயவிடுங்கள். கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் துடைப்பதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள். கசிவால் மற்ற பாகங்கள் கெட்டால் ஈடு கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு, ஆனால் சாட்சி கேட்பார்கள்.

வாரண்டிக்குப் போகும்போது

பில், சீரியல் எண் தெரியும் போட்டோ, 30 நிமிட சோதனையின் ஸ்கிரீன்ஷாட். அதில் வாட், பம்ப் ஆர்பிஎம், திரவ வெப்பநிலை, ப்ராசசர் வெப்பநிலை நான்கும் தெரிய வேண்டும். அறை வெப்பநிலையைக் கடிதத்தில் எழுதுங்கள். சூடாகிறது என்று மட்டும் எழுதினால் பேஸ்ட் மாற்றிப் பாருங்கள் என்று பதில் வரும், ஒரு வாரம் போகும். 140 வாட்டில் திரவம் 41, ப்ராசசர் 97, பேஸ்ட் இரண்டு முறை மாற்றியாயிற்று என்று எழுதினால் அடுத்த கேள்விக்கே இடமில்லை.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட் ப்ராசசர் என்றால் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் பசை மாதிரி பிடித்துக்கொண்டு, தாழ்ப்பாள் போட்டிருந்தாலும் ப்ராசசரையே சாக்கெட்டில் இருந்து பிடுங்கிவிடும், பின்கள் வளையும். பத்து நிமிடம் ஏதாவது ஒரு சுமை கொடுத்துச் சூடாக்கி, அணைத்து, வயரை உருவி, திருகுகளைக் கழற்றிய பிறகு பம்பை இடமும் வலமுமாக மெல்லத் திருகிக்கொடுங்கள். பிடி விட்டது கைக்குத் தெரிந்த பிறகு தூக்குங்கள்.